முதல் ஊசி தமக்கே! – ஹாஃப்கின் என்றொரு மனிதர்



சந்திப்பு மலருக்கு ஓர் அறிஞரின் வாழ்க்கை வரலாறு வேண்டும், நம் பசங்களுக்குப் பயன்படுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றியும் கலாமைப் பற்றியும் ஏற்கெனவே நம் சீனியர்கள் அழகாக எழுதிவிட்டார்கள். நான் ஒரு நுண்ணுயிர் ஆராய்ச்சியாளரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். எஞ்சினியரிங் கல்லூரி மலரில் கிருமி ஆராய்ச்சிக்காரருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கடைசியில் சொல்கிறேன். அதுவரை கொஞ்சம் பொறுமை!

ஒடெஸ்ஸாவில் ஒரு பிடிவாதக்காரர்

வால்டெமார் ஹாஃப்கின் 1860 மார்ச் 15 அன்று, அன்றைய ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த ஒடெஸ்ஸா துறைமுக நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இன்று அந்த ஊர் உக்ரைனில் இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் சாதாரண ஆள் இல்லை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எலி மெச்னிகோவ். ஆசிரியர் பெரியவர் என்றாலும் காலம் கெட்டதாக இருந்தது. யூதர்கள் மீது கலவரங்கள் மூண்ட நாட்கள் அவை. இளைஞர் ஹாஃப்கின் தம் மக்களைக் காக்க நின்றவர்களோடு சேர்ந்து நின்றார், கைதானார். மெச்னிகோவ் தலையிட்டுத்தான் வெளியே வர முடிந்தது.

படிப்பு முடிந்தது. மதம் மாறினால் பல்கலைக்கழகத்தில் பெரிய பதவி கிடைக்கும் என்ற நிலை. அவர் மாறவில்லை. பதவியும் கிடைக்கவில்லை. 1888-ல் நாட்டை விட்டே கிளம்பி ஜெனீவா போனார். அடுத்த ஆண்டு பாரிசில் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் ஒரு வேலை கிடைத்தது. என்ன வேலை தெரியுமா? நூலகத்தில் புத்தகம் எடுத்து வைக்கிற வேலை! டாக்டர் பட்டம் வாங்கியவர் அதையும் தட்டாமல் ஏற்றுக்கொண்டார். நேரம் கிடைத்தபோதெல்லாம் ஆய்வு மேஜைக்குப் போனார்.

அந்த மேஜையில் அவர் எடுத்துக்கொண்ட எதிரி காலரா. கிருமியை வீரியம் குறைத்து ஒரு ஊசி, சில நாள் கழித்து வீரியம் கூட்டிய கிருமியில் இரண்டாவது ஊசி என்று ஒரு முறையை உருவாக்கினார். ஆய்வு விலங்குகளில் அது பலித்தது. மனிதருக்குப் பலிக்குமா? முக்கியமாக, மனிதரைக் கொல்லாமல் இருக்குமா? அதை யார் உடம்பில் போட்டுப் பார்ப்பது?

1892 ஜூலை 18 அன்று ஹாஃப்கின் அந்த ஊசியைத் தமக்கே போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்தது, போனது. அதற்குப் பிறகுதான் ரஷ்ய நண்பர்கள் மூவருக்குப் போட்டார். அவர்களும் தெரிந்தே முன்வந்தவர்கள்.

கல்கத்தா குடிசைகளில்

மருந்து கையில் இருந்தது, காலரா ஊரில் வேண்டுமே! அப்போது பாரிசில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர் டஃப்ரின் பிரபு. நம் நாட்டில் வைஸ்ராயாக இருந்துவிட்டுப் போனவர். அவர் ஆதரவோடு ஹாஃப்கின் இந்தியாவுக்குக் கப்பலேறி, 1893 மார்ச்சில் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

யார் இந்த வெள்ளைக்காரர், எதற்காக நம் உடம்பில் எதையோ ஏற்றப் பார்க்கிறார் என்று மக்கள் பயந்ததில் ஆச்சரியமே இல்லை. கல்கத்தா நகரச் சுகாதார அதிகாரி சிம்ப்சன் அழைப்பின் பேரில் 1894-ல் அங்குள்ள குடிசைப் பகுதிகளுக்குப் போனபோது எதிர்ப்பு பலமாக இருந்தது. ஹாஃப்கினும் உடனிருந்த வங்காள டாக்டர்களும் கூட்டத்தின் கண்ணெதிரே தங்களுக்கே ஊசி போட்டுக் காட்டினார்கள். அதன் பிறகு ஒரு குடிசைப் பகுதியில் சுமார் 200 பேரில் 116 பேர் ஊசிக்கு முன்வந்தார்கள். அடுத்து அங்கே காலரா வந்தபோது, அது ஊசி போடாதவர்களைத்தான் பிடித்தது.

இந்த இடத்தை நம் மாதிரி எஞ்சினியர்கள் கவனிக்க வேண்டும். ஒரே ஊர், ஒரே தண்ணீர், ஒரே சாப்பாடு; ஊசி போட்டவர், போடாதவர் என்பது மட்டுமே வித்தியாசம். இப்படி ஒப்பிட்டால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும் என்பதில் அவர் கறாராக இருந்தார். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள், ராணுவ முகாம்கள் என்று அவர் போன இடமெல்லாம் இதே கணக்குதான். தோட்டக் கூலியும் சிப்பாயும் மேலிருப்பவரிடம் வேண்டாம் என்று உண்மையிலேயே சொல்ல முடியுமா என்ற கேள்வியை மட்டும் அந்தக் காலம் கேட்கவில்லை. அவருக்கும் அது பெரிதாகத் தோன்றியிருக்காது.

பம்பாயில் பிளேக்

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வி பகுதியில் பிளேக் தலைகாட்டியது. மக்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். அரசு ஹாஃப்கினை அங்கே அனுப்பியது. அக்டோபரில் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அவருக்குக் கொடுத்த இடம் ரொம்பச் சின்னது; உதவிக்கு ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்கள். அவ்வளவுதான் ஸ்டாஃப்!

அந்த இடத்தில்தான் ஒரு அருமையான வேலை நடந்தது. ஆட்டிறைச்சிச் சாறு எடுத்து அதில் பிளேக் கிருமியை வளர்த்தார். மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ கலந்தால் யாருமே ஊசிக்குக் கை நீட்ட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். மேலே சில சொட்டு நெய் விட்டார். ஆமாம், நம் வீட்டு நெய்தான்! மிதக்கிற நெய்த் துளிகளைப் பிடித்துக்கொண்டு கிருமிகள் விழுதுகள் மாதிரி கீழே தொங்கி வளர்ந்தன. பிறகு சூடேற்றிக் கிருமிகளைக் கொன்று, வேறு எதுவும் வளராமலிருக்கக் கொஞ்சம் கார்பாலிக் அமிலம் சேர்த்தார். மூன்று மாதத்தில் தடுப்பூசி தயார்.

1897 ஜனவரி 10 அன்று மறுபடியும் முதல் ஊசி அவருக்கே. போட்டுக்கொண்ட அளவு 10 சி.சி.; பிறகு மற்றவர்களுக்குப் போட்டதைவிட மிக அதிகம். காய்ச்சலும் வலியும் வந்தன. எழுந்து வேலைக்குப் போய்விட்டார்.

அந்த மாதக் கடைசியில் பைகுல்லா சிறையில் பிளேக் புகுந்தது. கைதிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் ஊசிக்குச் சம்மதித்தார்கள், மற்றவர்கள் மறுத்தார்கள். ஊசி போட்டவர்களிடம் நோய் குறைவாகவே தெரிந்தது. போடாதவர்களில் பலருக்கு நோய் வந்தது, சாவும் நேர்ந்தது. மறுத்தவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மை. சிறைச் சுவருக்குள் கேட்கிற சம்மதம் எவ்வளவு சம்மதம் என்பதும் உண்மையான கேள்விதான். 1898-ல் பரோடாவை அடுத்த உந்தேரா கிராமத்தில் ஒரே குடும்பத்தில் சிலருக்கு ஊசி, மற்றவர்களுக்கு இல்லை என்று பிரித்துப் போட்டார்கள். கணக்குக்கு அது சுத்தமான முறை. ஊசி போடாத பாதியாக இருந்தவர்களை நினைத்தால் மனசு உறுத்தும்.

அந்தக் காலத்து அரசு நடந்துகொண்ட விதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஹாஃப்கினின் அருமை தெரியும். 1897-ல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. புனேயில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் ஜூன் மாதம் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். அப்படி வெறுப்பு மண்டிக் கிடந்த நேரத்தில், விரும்பியவருக்கு மட்டுமே ஊசி என்று நின்றவர் ஹாஃப்கின். ஆகா கான் ஆதரவு கொடுத்தார். தாமே பகிரங்கமாக ஊசி போட்டுக்கொண்டு தம் மக்களுக்கு வழிகாட்டினார். 1899-ல் பரேலில் பழைய கவர்னர் மாளிகையே பிளேக் ஆய்வுக்கூடமாக மாறியது. ஒற்றை அறையில் தொடங்கியவருக்கு மாளிகை!

முல்கோவால்: பாட்டில் எண் 53-என்

இனி வருவதுதான் அவர் வாழ்வின் கறுப்பு அத்தியாயம்.

1902-ல் பஞ்சாபில் பிளேக் வேகமாகப் பரவியது. லட்சக்கணக்கில் ஊசி மருந்து உடனே வேண்டும் என்று நெருக்கினார்கள். உற்பத்தியை வேகப்படுத்த ஹாஃப்கின் தயாரிப்பு முறையில் ஒரு மாற்றம் செய்தார். கார்பாலிக் அமிலத்தை விட்டுவிட்டு, சூட்டினால் மட்டுமே கிருமி நீக்குவது என்று முடிவெடுத்தார். பாஸ்டர் ஆய்வுக்கூடத்திலேயே கையாண்ட முறைதான் அது. தப்பான முறை என்று சொல்ல முடியாது. ஆனால் முடிவெடுத்தவரும் அவர்தான், சரிபார்த்தவரும் அவர்தான்.

1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். ஐந்து பாட்டில்கள் திறக்கப்பட்டன. நாலு பாட்டில் மருந்து போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 53-என் என்று எண்ணிட்ட பாட்டிலிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேருக்கும் சில நாட்களில் தாடை இறுகியது, உடம்பு வில்லாக வளைந்தது. ரண ஜன்னி! 19 பேருமே இறந்து போனார்கள்.

பம்பாய்த் தலைமை நீதிபதி லாரன்ஸ் ஜென்கின்ஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. பாட்டில் திறப்பதற்கு முன்பே, அதாவது ஆய்வுக்கூடத்திலேயே, மருந்து கெட்டிருக்க வேண்டும் என்று குழு முடிவு சொன்னது. கார்பாலிக் அமிலத்தை விட்டதும் குற்றமாகச் சொல்லப்பட்டது. ஹாஃப்கின் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். 1904-ல் மனமொடிந்து இங்கிலாந்து போனார். அறிக்கையோ உடனே வெளியாகவில்லை. 1906-ல்தான் வெளி உலகம் அதைப் பார்த்தது. நாலு வருஷம்! என்ன ஆதாரத்தில் தம்மைக் குற்றவாளி ஆக்கினார்கள் என்று நிபுணர்களிடம் காட்டிப் பேசக்கூட அந்த மனிதருக்கு வழியில்லை.

ஆதாரங்கள் வெளியே வந்தபோதுதான் ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. அன்றைக்கு முல்கோவாலில் பாட்டிலின் ரப்பர் மூடியை எடுக்கும் இடுக்கி உதவியாளரின் கையிலிருந்து மண்ணில் விழுந்திருக்கிறது. அதைச் சரியாகக் கொதிக்க வைக்காமல் ஒரு அலசு அலசிவிட்டு, அதாலேயே 53-என் மூடியைத் திறந்திருக்கிறார்கள். ரண ஜன்னிக் கிருமி இருக்கிற இடமே மண்தான்! போதாததற்கு, திறந்தபோது மருந்தில் எந்த நாற்றமும் இல்லை என்று சாட்சியம் இருந்தது. அந்த மருந்து நிரப்பப்பட்டு சுமார் 40 நாள் ஆகியிருந்தது. அத்தனை நாள் உள்ளே அந்தக் கிருமி வளர்ந்திருந்தால் பாட்டில் நாறியிருக்கும்.

மலேரியா ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் இதைக் கையில் எடுத்துக்கொண்டார். 1907 ஜூலையில் அவரோடு சேர்ந்து பத்து விஞ்ஞானிகள் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பிரான்சில் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்த யூத அதிகாரி டிரைஃபஸோடு ஹாஃப்கினை ஒப்பிட்டுப் பலர் பேசினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் அரசு இறங்கி வந்தது. மீண்டும் வேலை கொடுத்தது. ஆனால் பம்பாயில் அவர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தாகிவிட்டது. கல்கத்தாவில் ஒரு பதவி கிடைத்தது. தடுப்பூசி தயாரிக்கும் வசதி இல்லாத பதவி. முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தில் ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பினார். கடைசிக் காலத்தில் தம் மதத்திலும் தம் மக்களின் கல்வியிலும் மனதைச் செலுத்தினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1930 அக்டோபர் 26 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார்.

பரேல் ஆய்வுக்கூடத்துக்கு 1925-ல் ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் வைத்தார்கள். 1964-ல் நம் நாட்டு அஞ்சல்துறை அவர் படம் போட்டுத் தபால்தலை வெளியிட்டது. நல்லதுதான். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. அவரைப் பற்றிய புத்தகங்களெல்லாம் பாட்டிலின் எண்ணைச் சொல்கின்றன. அந்தப் 19 பேரின் பெயர்களைச் சொல்வதில்லை.

எஞ்சினியருக்கு இதில் என்ன பாடம்?

இப்போது ஆரம்பத்தில் சொன்ன பாக்கிக்கு வருகிறேன்.

2010-ல் நான் கடைசி வருஷம் படித்தபோது என் ப்ராஜெக்ட், தசையை மெல்லிய மின்சாரத்தால் தூண்டுகிற ஒரு சின்னக் கருவி. என் கையிலேயே நூறு தடவை வைத்துப் பார்த்தேன். ஹாஃப்கினை அப்போது தெரியாது என்றாலும், முதல் ஊசி எனக்கே என்ற பெருமை எனக்கும் இருந்தது! ஆள் எண்ணிக்கை போதாது என்று ஹாஸ்டலில் இரண்டாம் ஆண்டுத் தம்பிகளைக் கூப்பிட்டேன். சீனியர் கூப்பிட்டால் ஜூனியர் வராமல் இருப்பானா? ஒரு தம்பி கையில் ஒட்டிய பட்டை காய்ந்துபோயிருந்ததை நான் பார்க்கவில்லை. ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சுட்டுவிட்டது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். அயர்ன் பாக்ஸ் பட்டுவிட்டது என்று வார்டனிடம் சொல்லிவிட்டான். எனக்கு நல்ல மார்க். ரிப்போர்ட்டில் அந்தத் தழும்பு இல்லை.

என் கையில் நூறு தடவை பார்த்தது உண்மை. ஆனால் என் கையில் ஒட்டியது புதுப் பட்டை, அவன் கையில் ஒட்டியது காய்ந்த பட்டை. பாரிசில் ஹாஃப்கின் தமக்குப் போட்டுக்கொண்ட ஊசியால் முல்கோவால் மண்ணில் விழப்போகும் இடுக்கியைத் தடுக்க முடியாது. கண்டுபிடித்தவரின் தைரியம் கண்டுபிடித்தவரை மட்டும்தான் காக்கும்.

இன்று மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கருவி ஒன்றை நோயாளிகளிடம் சோதிக்க அனுமதி கேட்டு ஒரு நெறிமுறைக் குழுவின் முன் போய் நின்றேன். 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி இப்படிப்பட்ட குழுவில் குறைந்தது ஏழு பேர். சட்டம் தெரிந்தவர் ஒருவர், பெண் உறுப்பினர் ஒருவர், மருத்துவமோ அறிவியலோ சாராத சாதாரணக் குடிமகன் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். பாதிப்பேர் வெளியிலிருந்து வர வேண்டும். அன்றைக்கு எங்களைத் திணறடித்தது டாக்டர்கள் இல்லை, ஓய்வு பெற்ற ஒரு பள்ளி ஆசிரியை. ஒப்புதல் படிவத்தின் தமிழ் அந்த நோயாளிக்குப் புரியுமா, வைத்தியம் பார்க்கிற டாக்டரே சம்மதம் கேட்டால் நோயாளி எப்படி மறுப்பார், அடிபட்டால் செலவு யாருடையது என்று அந்தம்மா வரிசையாகக் கேட்டார். படிவத்தைத் திருத்திக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். ஒரு மாதம் தாமதம். எரிச்சலோடுதான் வெளியே வந்தேன். பஸ்ஸில் வரும்போது அந்தத் தம்பியின் கை ஞாபகம் வந்தது. அந்தம்மா கேட்டதை என் ஹாஸ்டல் அறையில் யாராவது கேட்டிருந்தால்...

இந்த ஏற்பாடுகள் சும்மா வந்துவிடவில்லை. சம்மதம் கேட்காமல் பெண்களுக்குச் சோதனை ஊசி போட்டார் என்று ஒரு டாக்டர் மீது எழுந்த கண்டனத்துக்குப் பிறகு, 1900-ல் பிரஷ்ய அரசு சம்மதம் அவசியம் என்று ஆணையிட்டது. நாஜி முகாம்களின் கொடூரச் சோதனைகளுக்குப் பிறகு 1947-ல் நியூரம்பர்க் நெறிகள் வந்தன. 1964-ல் ஹெல்சிங்கிப் பிரகடனம், நம் நாட்டில் 1980-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கொள்கை அறிக்கை. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ சிலரின் உடம்பு இருக்கிறது.

ஹாஃப்கின் வாழ்க்கை எனக்கு இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தது. ஒன்று, எவ்வளவு நேர்மையானவர் செய்தாலும், மனிதர் மீது செய்கிற சோதனையை வெளியாள் ஒருவர் முன்கூட்டியே பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்க ஆள் இருந்திருந்தால், அமிலத்தை விடும் முன், கிராமத்தில் மூடியை யார், எதைக் கொண்டு திறப்பார் என்ற கேள்வி வந்திருக்கும். இரண்டு, தவறு நடந்த பிறகு செய்கிற விசாரணையும் திறந்த விசாரணையாக இருக்க வேண்டும். அறிக்கையைப் பூட்டி வைத்ததால் ஒரு நிரபராதியின் நாலு வருஷம் போனது. விழுந்த இடுக்கி சொல்ல வேண்டிய பாடமும் அதுவரை பூட்டியே கிடந்தது.

தம்பி தங்கைகளே! இன்று உங்கள் ப்ராஜெக்ட்டுகளில் நாடி பார்க்கும் பட்டை, மூளை அலை பிடிக்கும் தொப்பி, முகம் அடையாளம் காணும் கேமரா என்று என்னென்னவோ செய்கிறீர்கள். நண்பன்தானே என்று அடுத்தவர் உடம்பில் மாட்டுவதற்கு முன், உங்கள் டீமில் இல்லாத ஒருவரிடம் காட்டுங்கள். வேண்டாம் என்று சொன்னால் ஒன்றும் ஆகாது என்பதை ஜூனியருக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏதாவது தப்பாகிப் போனால் ரிப்போர்ட்டில் எழுதுங்கள். மார்க் போனால் போகட்டும்.

கையில் தழும்போடு இருக்கிற அந்தத் தம்பியும் இந்தச் சந்திப்புக்கு வருகிறான் என்று வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன். அவனிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இத்தனை வருஷமாகப் பாக்கி நிற்கிறது. மதிய சாப்பாட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

சந்திப்போம் நண்பர்களே! வாழ்க நம் கல்லூரி!